எத்தனை மணி நேரம், எத்தனை முறை: ஆர்பிஜி விளையாட்டுகளின் நேரக் கணக்குக்கும் மறு ஆட்டத்துக்கும் முழுமையான வழிகாட்டி

ஒரு கதாபாத்திரமாக மாறி, அதை வளர்த்துக்கொண்டே கதையில் நகரும் விளையாட்டான ஆர்பிஜி ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது “எத்தனை மணி நேரம் ஓடும்?” என்பதுதான். நூறு மணி நேரம் என்று பதில் வந்துவிட்டால், கொடுக்கப்போகும் காசு வீண்போகாது என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த நூறில் எத்தனை மணி நேரம் குதிரையில் ஊர்விட்டு ஊர் போவதிலும், பையின் எடை கூடிவிட்டதென்று துருப்பிடித்த வாள்களைக் கடைக்காரரிடம் தள்ளிவிடுவதிலும் கழிகிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. முடித்தபின் மறுபடி தொடங்கினால் எவ்வளவு புதிதாக இருக்கும் என்ற கேள்வியோ இன்னும் அரிதாகவே எழுகிறது.

வேலைக்கும் போய்க்கொண்டு, இரவில் கிடைக்கும் நேரத்தில் ஆடுகிறவர்களை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளில் கதை கொஞ்சம் கசியும். பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் நான்காம் படியைப் படிக்காமல் தாண்டுங்கள்; நியர்: ஆட்டோமாட்டா பாக்கி இருப்பவர்கள் கடைசிப் பத்தியைத் தவிர்க்கவும்.

முதல் படி: மணி நேரத்தை வாரமாக மாற்றுங்கள்

வாரத்தில் ஐந்து இரவு, இரவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆட முடிகிறது என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு ஏழரை மணி நேரம் ஆகிறது. 80 மணி நேர விளையாட்டு அக்கணக்கில் பதினொரு வாரத்தை விழுங்கும். முதல் முறை ஆடுவோருக்கு நூறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடும் பெர்சோனா 5 ராயலைத் தீபாவளிக்குத் தொடங்கினால், முடிப்பதற்குள் பொங்கலும் கழிந்திருக்கும். இடையில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் எந்தப் பொத்தான் எதற்கு, யார் யாருக்குப் பகை, கையில் இருக்கும் சாவி எந்தக் கதவுக்கு என்பதெல்லாம் மறந்துபோய், மறுபடி பிடிபடுவதற்கே ஓர் இரவு செலவாகும். பாதியில் கைவிடப்படும் ஆர்பிஜிகளில் பல சலிப்பால் அல்ல, இப்படிப்பட்ட இடைவெளியால்தான் கைவிடப்படுகின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே வாங்குவதற்கு முன்பு அடுத்த மூன்று மாதத்தைப் பாருங்கள். தேர்வோ, கல்யாணமோ, வீடு மாற்றமோ வருகிறது என்றால் நீண்ட விளையாட்டைத் தள்ளிப்போட்டு, ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஒரு முறை முடிந்துவிடுகிற அண்டர்டேல் போன்ற ஒன்றை எடுப்பது நல்லது. 2015இல் வந்த அச்சிறிய விளையாட்டு மறு ஆட்டத்துக்கான மிகச் சிறந்த பாடங்களில் ஒன்று. யாரையும் கொல்லாமல் முடிக்கலாம், கண்ணில் பட்ட எல்லோரையும் கொன்றும் முடிக்கலாம். முந்தைய ஆட்டத்தில் நீங்கள் செய்ததை விளையாட்டு நினைவில் வைத்திருந்து அடுத்த ஆட்டத்தில் உங்களிடமே சொல்லிக் காட்டும்.

இரண்டாம் படி: எண்ணைப் பிரித்துப் படியுங்கள்

ஹவ் லாங் டு பீட் என்ற தளம் ஆட்டக்காரர்கள் தாங்களே பதிவு செய்த நேரங்களைத் தொகுத்து, முதன்மைக் கதை மட்டும், கிளைக்கதைகளோடு, எல்லாவற்றையும் முழுதாக என்று மூன்று வகையாகக் காட்டுகிறது. 2015இல் வெளிவந்த தி விட்சர் 3 முதல் வகையில் சுமார் 50 மணி நேரம், இரண்டாம் வகையில் சுமார் 100, மூன்றாம் வகையில் 170 மணி நேரத்துக்கு மேல். உங்களுக்குப் பொருந்துவது பெரும்பாலும் நடு எண்தான். நேராகக் கதையைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர்கள் மிகக் குறைவு. வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு கேள்விக்குறியையும் துடைத்தெடுப்பவர்களும் அப்படியே. ஸ்கெல்லிகே தீவுகளில் படகை ஓட்டிக்கொண்டு கடலில் மிதக்கும் கடத்தல் பொருள்களைப் பொறுக்கியவர்களுக்கு அந்த மூன்றாம் எண் எங்கிருந்து வருகிறது என்பது நன்றாகத் தெரியும்.

அந்த நடு எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்களுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். தமிழில் வந்திருக்கும் ஆர்பிஜி அரிது என்பதால் நம்மில் பலர் ஆங்கில உரையைப் படித்தே ஆடுகிறோம். சண்டை மிகுந்த விளையாட்டில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் டிஸ்கோ எலிசியம் போல முழுக்க முழுக்கப் பேச்சாலேயே நகரும் விளையாட்டில், நிதானமாகப் படிப்பவருக்கு அறிவிக்கப்பட்ட நேரத்தைக் காட்டிலும் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூடுதலாகப் பிடிக்கலாம். பின்னணிக் குரலை முழுதாகக் கேட்பவரா, எழுத்தைப் படித்தவுடன் பொத்தானை அழுத்தி நகர்பவரா என்பதும் கணக்கை மாற்றும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் காட்டும் நேரம் விளையாட்டு திறந்திருந்த நேரமே தவிர நீங்கள் ஆடிய நேரம் அல்ல. ஆட்டத்தை இடையில் நிறுத்திவைத்துச் சாப்பிடப் போனதும், தொலைபேசியில் அரைமணி பேசியதும் அதில் சேர்ந்துவிடும். விளையாட்டுக்கு உள்ளே இருக்கும் கடிகாரமோ பலவற்றில் ஆட்டத்தை விட்ட இடத்தில் பதிந்துவைக்கும் சேவ் கோப்போடு ஒட்டியிருப்பதால், பெரிய எதிரியோடு நடக்கும் ஒரு சண்டையில் ஏழு முறை தோற்று எட்டாவது முறை வென்றால் அந்த எட்டாவது முறையை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். ஒரே ஆட்டத்துக்கு ஒருவர் 90 என்றும் இன்னொருவர் 130 என்றும் சொன்னால், இருவரும் வேறு வேறு கடிகாரத்தைப் பார்த்திருக்கவும் கூடும்.

மூன்றாம் படி: விளையாட்டு உங்களுக்கு எதை மறுக்கிறது என்று பாருங்கள்

இதுவே இவ்வழிகாட்டியின் மையம். இரண்டாம் முறை ஆடத் தூண்டுவது விளையாட்டின் அளவு அல்ல. முதல் முறை அது உங்களுக்குத் தர மறுத்தவைதான்.

ஸ்கைரிமை எடுத்துக்கொள்வோம். ஒரே கதாபாத்திரம் விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரிக்குத் தலைவராகவும், கம்பேனியன்ஸ் வீரர்களுக்குத் தலைவராகவும், திருடர் சங்கத்துக்குத் தலைவராகவும் ஆகலாம். ஒன்று மற்றொன்றைத் தடுப்பதில்லை. உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் என்பது போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலானவற்றை ஒரே ஆட்டத்தில் பார்த்துவிடலாம். தானாகவே முடிவில்லாமல் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வேலைகளும் அதில் இருப்பதால் மணி நேரத்துக்கு எல்லையே இல்லை. இருந்தும் இரண்டாம் முறை தொடங்குபவர் பெரும்பாலும் அதே குகைகளுக்கு, அதே காரணங்களுக்காகத்தான் போகிறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அது ஒரே முறை, நீண்ட காலம், சாவகாசமாக வாழ்வதற்கான உலகம்.

ஃபால்அவுட்: நியூ வேகாஸ் இதற்கு நேர் எதிர். 2010இல் வந்த அதில் ஹூவர் அணைக்கான இறுதிப் போரை என்சிஆர் குடியரசு, சீசரின் படை, மிஸ்டர் ஹவுஸ், யாரும் வேண்டாமென்று தனி வழி ஆகிய நான்கில் ஒன்றின் பக்கமிருந்துதான் ஆட முடியும். ஒரு தரப்புக்கு நல்லவராக ஆக ஆக மற்றொரு தரப்பு கதவைச் சாத்திக்கொண்டே வரும். அறிவுப் புள்ளியை மிகக் குறைவாக வைத்துப் பாத்திரத்தை உருவாக்கினால் உரையாடல் வரிகளே பல இடங்களில் மாறிவிடும். 2011இல் வந்த தி விட்சர் 2 இன்னும் துணிச்சலானது: முதல் அத்தியாயத்தின் முடிவில் படைத் தலைவர் ரோஷோடு போவதா கிளர்ச்சிக்காரர் இயோர்வெத்தோடு போவதா என்பதைப் பொறுத்து இரண்டாம் அத்தியாயம் வேறோர் இடத்தில், வேறு மனிதர்களோடு நடக்கிறது. ஒரு முறை மட்டும் ஆடியவர் அந்த விளையாட்டின் கணிசமான பகுதியைக் கண்ணாலேயே பார்த்ததில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விளையாட்டைச் சோதிக்க நான் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வேன். முதலாவது, நடுவில் மாற்றிக்கொள்ள முடியாதது எது? பால்டர்ஸ் கேட் 3இல் விதர்ஸ் என்பவரிடம் 100 பொற்காசு கொடுத்தால் உங்கள் க்ளாஸை, அதாவது போர்வீரர், மந்திரவாதி போன்ற வகையை, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே 12 க்ளாஸ் இருக்கிறது என்பது மட்டுமே அதை 12 முறை ஆடுவதற்குக் காரணமாகாது. நீங்கள் எடுத்த இனமும் பின்புலக் கதையும்தான் மாறாதவை. இரண்டாவது, வேறுபாடு எத்தனை நேரம் நீடிக்கிறது? 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் ஆறு வேறுபட்ட தொடக்கக் கதைகள் உண்டு, ஒவ்வொன்றும் அருமை, ஆனால் சில மணி நேரத்தில் எல்லாம் ஒரே சாலையில் வந்து சேர்ந்துவிடும். அதன் பிறகு வேறுபாடு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டும், அவ்வளவே. மூன்றாவது, முடிவுகளின் எண்ணிக்கை உண்மையில் எதைக் குறிக்கிறது?

இந்த மூன்றாம் கேள்வியில்தான் விளம்பரம் நம்மை ஏமாற்றும். தி விட்சர் 3க்கு 36 இறுதி நிலைகள் என்றும், பால்டர்ஸ் கேட் 3க்கு 17,000 முடிவுகள் என்றும் வெளியீட்டுக்கு முன்பே அவற்றை உருவாக்கியவர்கள் சொன்னார்கள். பொய்யில்லை, ஆனால் அவை சிறு சிறு மாற்றங்களின் பெருக்கல் கணக்கு. நான்கு சட்டையும் ஐந்து வேட்டியும் வைத்திருப்பவரிடம் இருபது உடை இருக்கிறது என்று சொல்வது போன்றது அது. கடைசிப் பத்து நிமிடத்தில் வரும் காட்சிக்காக எண்பது மணி நேரத்தை மறுபடி ஆடத் தேவையில்லை; அதற்கு யூடியூப் போதும்.

நான்காம் படி: ஒரு கிளையை அருகில் வைத்துப் பார்த்தல்

2023 ஆகஸ்ட்டில் முழு வடிவில் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3இன் முதல் அங்கத்தில் மரகதத் தோப்பு என்ற அடைக்கலம் வருகிறது. துரத்தப்பட்டு வந்த, கொம்புள்ள டீஃப்ளிங் இனத்து அகதிகள் அங்கே ஒண்டியிருக்கிறார்கள். கோப்ளின் படைத் தலைவி மின்தாரா அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இடத்தைச் சொல்லிவிடலாம். அல்லது கோப்ளின் தலைவர்கள் மூவரையும் ஒழித்துத் தோப்பைக் காப்பாற்றலாம்.

தோப்பைத் தாக்கும் வழியை எடுத்தால் வில், கார்லாக் ஆகிய இரு கூட்டாளிகளும் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். தோப்பின் தலைவரான ஹால்சினும் கிடைக்க மாட்டார். இரண்டாம் அங்கத்தில் லாஸ்ட் லைட் விடுதிக்குள் நுழையும்போதுதான் கணக்கு புரியும்: முதல் ஆட்டத்தில் அங்கே பட்டறை வைத்திருந்த கொல்லர் டேமன் இல்லை, டீஃப்ளிங் சிறுமி மோல் இல்லை, குழந்தைகளின் சத்தம் இல்லை. மூன்ரைஸ் கோபுரத்தின் சிறையிலிருந்து டீஃப்ளிங்குகளை மீட்கும் வேலையும் இல்லை. இப்படி இழக்கும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒன்று கிடைக்கிறதா என்றால், மின்தாராவைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அவளையும் பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பால், கொல்லாமல் மயக்கமடையச் செய்து, தோப்பைக் காப்பாற்றிய ஆட்டத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். எனவே “இரண்டாம் முறை கெட்டவராக ஆடுங்கள்” என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை இந்த விளையாட்டுக்குப் பொருந்தவில்லை. அது புதிய கதை அல்ல, ஓட்டை விழுந்த பழைய கதை.

புதிய கதை வேறிடத்தில் இருக்கிறது: கொலைவெறி உள்ளுக்குள் உந்திக்கொண்டே இருக்கும் டார்க் அர்ஜ் என்ற பின்புலத்தில். முதல் ஆட்டத்தில் தோப்பின் ஓரத்தில் உட்கார்ந்து பாட்டுக்கு வரி தேடிக்கொண்டிருந்த அல்ஃபிராவை உங்களுக்கு நினைவிருக்கும். அவளுக்கு உதவியிருக்கவும் கூடும். டார்க் அர்ஜாக ஆடினால் ஓர் இரவு அவளே உங்கள் முகாமுக்கு வந்து, நானும் உங்களோடு வருகிறேன் என்கிறாள். விடியும்போது அவள் செத்துக் கிடக்கிறாள், உங்கள் கையில் இரத்தம். முதல் ஆட்டத்தில் அவளைத் தெரிந்திருந்தால்தான் இந்தக் காட்சி முழு வலிமையோடு உறைக்கும். இரண்டாம் முறைக்கென்றே எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. அதன்பின் அந்த வெறியை எதிர்த்துக்கொண்டே போகும் ஆட்டம், மூன்றாம் அங்கத்தில் ஓரின் என்ற கொலைகாரியோடும் பால் என்ற கொலைத் தெய்வத்தோடும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும்போது, அதே சண்டைகளுக்கு வேறு பொருள் வந்துவிடுகிறது. என் பரிந்துரை: முதல் முறை நீங்களே உருவாக்கிய பாத்திரம், இரண்டாம் முறை வெறியை எதிர்க்கும் டார்க் அர்ஜ்.

விலங்குகளோடு பேசும் மருந்தையும் இரண்டாம் ஆட்டத்தில் தாராளமாகக் குடியுங்கள். தோப்பில் சும்மா நிற்கும் ஒரு மாட்டை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை. பேச்சுக் கொடுத்தால் அது மாடுதானா என்றே சந்தேகம் வரும்படி பேசுகிறது. அடுத்த அங்கத்து விடுதியிலும் அதே மாடு நின்றது.

நேரம்? கிளைக்கதைகளோடு முதல் ஆட்டம் நூறு மணி நேரத்தை ஒட்டி வரும். வழி தெரிந்துவிட்டதாலும் பாதி உரையாடலைத் தாண்டிவிடுவதாலும் எனக்கு இரண்டாம் முறை அதில் மூன்றில் இரண்டு பங்கே பிடித்தது.

ஐந்தாம் படி: முதல் ஆட்டத்திலேயே இரண்டாம் ஆட்டத்துக்குச் சேவ் வையுங்கள்

முதல் முறை எந்த வழிகாட்டியையும் பார்க்காமல் ஆடுவதே நல்லது. ஆனால் பெரிய முடிவு ஒன்று வருகிறது என்று தோன்றும் இடத்தில் தனியாக ஒரு சேவ் வைத்து, அதற்குப் பெயரும் கொடுங்கள். ஒரே பொத்தானில் பதியும் குயிக்சேவ் வரிசையில் விட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும். நியூ வேகாஸில் ஹூவர் அணைச் சண்டைக்குப் பிறகு ஆட்டம் தொடராது என்பதால் அதற்கு முந்தைய சேவ் இன்றியமையாதது.

ஒரே சேவ் எத்தனை மணி நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதற்கு ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ் நல்ல உதாரணம். 2019இல் ஸ்விட்ச் கருவிக்கு வந்த அதில் மூன்று மாணவர் இல்லங்கள், நான்கு பாதைகள். சிக்கல் என்னவென்றால் முதல் பகுதியின் 12 அத்தியாயங்கள் எந்த இல்லத்தைத் தேர்ந்தெடுத்தாலும் பெரும்பாலும் ஒன்றே. நான்கு பாதையையும் பார்க்க விரும்புபவர் மடாலத்துத் தோட்டத்தில் நான்கு முறை விதை நட வேண்டியிருக்கும். பிளாக் ஈகிள்ஸ் இல்லம் மட்டும் முதல் பகுதியின் கடைசியில், அதன் தலைவி எடல்கார்டின் பக்கம், தேவாலயத்தின் பக்கம் என்று இரண்டாகப் பிரிகிறது. அந்தப் பிரிவுக்கு முன் ஒரு சேவ் வைத்தால் ஒரு முழுப் பகுதி மிச்சம். எடல்கார்டோடு நெருங்கிப் பழகாமலோ, உரிய மாதத்தில் அவளோடு பேசாமலோ விட்டால் அந்தப் பிரிவே கண்ணில் படாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவள் பக்கத்துப் பாதை 18 அத்தியாயத்தில் முடிந்துவிடும், மற்றவை 21, 22 வரை போகும். மேலும், தேவாலயத்தின் பக்கத்துப் பாதையும் கோல்டன் டீர் பாதையும் பல சண்டைகளைப் பகிர்ந்துகொள்வதால் அவ்விரண்டையும் அடுத்தடுத்து ஆடாமல், நடுவில் புளூ லயன்ஸை வைப்பது சலிப்பைக் குறைக்கும்.

“வழிகாட்டி பார்க்காதீர்கள்” என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. காலண்டர் ஓடும் விளையாட்டுகளில் கெடு தேதிகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பெர்சோனா 5 ராயலில் கூடுதலாகச் சேர்க்கப்பட்ட மூன்றாம் பருவம், மருத்துவர் மாருகியுடனான நட்பை நவம்பர் 18க்குள் ஒன்பதாம் நிலைக்குக் கொண்டு வந்திருந்தால் மட்டுமே திறக்கும். தவறவிட்டால் அந்தக் கதைக்காக முழு ஆண்டையும் மறுபடி ஆட வேண்டும். இதை நான் மறு ஆட்ட மதிப்பு என்று சொல்ல மாட்டேன், அது அபராதம்.

ஆறாம் படி: நியூ கேம் பிளஸில் எது கூட வருகிறது என்று பாருங்கள்

முடித்த பாத்திரத்தின் பலத்தோடு மறுபடி தொடங்கும் முறைக்கு நியூ கேம் பிளஸ் என்ற பெயரைப் பரவச் செய்தது 1995இல் வந்த க்ரோனோ டிரிக்கர். அதன் அழகு, லெவல் கூட வருவதோடு நிற்கவில்லை. இறுதி எதிரியைக் கதையின் பல கட்டங்களில், நினைத்தபோது போய்ச் சந்திக்கலாம். எப்போது வீழ்த்துகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பத்துக்கும் மேற்பட்ட முடிவுகள். கூட வந்த பலத்துக்கு ஒரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லா விளையாட்டும் அப்படி அல்ல. தி விட்சர் 3இல் நியூ கேம் பிளஸ் குறைந்தது 30ஆம் லெவலில் தொடங்கும்; நீங்கள் அதற்குக் கீழே இருந்தால் விளையாட்டே உங்களை 30க்கு உயர்த்திவிடும். எதிரிகளும் அதற்கேற்ப வலுவாவதால், நீங்கள் பலசாலி என்ற உணர்வு சிறிது நேரத்தில் கரைந்துவிடும். பாடுபட்டுச் சேர்த்த க்வென்ட் சீட்டுகள் கூட வருவதில்லை என்பது சீட்டாட்டப் பிரியர்களுக்குத் தனி வருத்தம். பெர்சோனா 5 ராயல் இவ்விஷயத்தில் புத்திசாலித்தனமானது: லெவலையும் நட்பு நிலைகளையும் அழித்துவிட்டு, அறிவு, துணிச்சல், வசீகரம் முதலிய குணப் புள்ளிகளையும் பணத்தையும் வைத்துக்கொள்ள விடுகிறது. முதல் முறை அந்தப் புள்ளிகளுக்காக நூலகத்திலும் குளியல் கூடத்திலும் கழித்த மாலைகளெல்லாம் இரண்டாம் முறை விடுதலையாகி, முன்பு பழக நேரம் கிடைக்காதவர்களோடு பழகக் கிடைக்கின்றன. த்ரீ ஹவுசஸும் சேர்த்து வைத்த புகழ்ப் புள்ளிகளைக் கொடுத்துப் பழைய நட்பையும் திறமையையும் திரும்ப வாங்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறது.

எல்டன் ரிங் போன்றவற்றில் கதைக் கிளையைத் தேட வேண்டாம். ஆறு முடிவுகள் இருந்தாலும் அங்கே மறு ஆட்டத்தின் சுவை, பெருவாளோடு போனவர் அடுத்த முறை மந்திரக்கோலோடு போவதில்தான். பால்டர்ஸ் கேட் 3இலோ நியூ கேம் பிளஸ் என்பதே கிடையாது.

ஏழாம் படி: எப்போது நிறுத்துவது

இரண்டாம் ஆட்டத்துக்குப் பத்து மணி நேரக் கெடு வையுங்கள். அதற்குள் முதல் முறை பார்க்காத ஏதாவது ஒன்று, காட்சியோ, மனிதரோ, சண்டையிடும் முறையோ வரவில்லை என்றால் தயங்காமல் மூடிவிடலாம். முதல் ஆட்டத்துக்கோ ஸ்டீமில் வாங்கியவர்களுக்கு இன்னொரு கெடு உண்டு: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆர்பிஜிகளில் அந்த இரண்டு மணி நேரம் முகத்தை வடிவமைப்பதிலும் பயிற்சிக் கட்டத்திலும் போய்விடும் என்பதால், முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே நுழைவது உத்தமம்.

கடைசியாக, முடிவு எழுத்துகள் ஓடுவதை முடிவு என்று எண்ண வேண்டாத ஒரு விளையாட்டு இருக்கிறது. 2017இல் வந்த நியர்: ஆட்டோமாட்டாவில் 2பி என்ற பெண் ஆண்ட்ராய்டின் கதையை முடித்தபின் அவளுடைய கூட்டாளி 9எஸ் வழியாக அதே நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி திரும்ப வருகிறது, பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் இதுவரை காணாத மூன்றாம் பகுதி தொடங்குகிறது. அதன் கோடியில், முன்பின் தெரியாத இன்னொரு ஆட்டக்காரருக்கு உதவுவதற்காக உங்கள் சேவ் அத்தனையையும் அழித்துவிடச் சம்மதமா என்று விளையாட்டு கேட்கும். சம்மதித்தால் நீங்கள் சேர்த்த ஆயுதங்களும் உள்ளே ஓடிய கடிகாரமும் ஒவ்வொன்றாக உங்கள் கண்ணெதிரே அழிந்துபோகும். ஸ்டீமில் மட்டும் அந்த மணி நேரக் கணக்கு அப்படியே நிற்கும்.